கருப்புத் திரைக்குள் ஒரு வேலையாள்

“தம்பி, ‘அகம்’ முடிஞ்ச பிறகா ‘அக்கா’ வரும்? எந்த அகராதியில அப்படிப் பார்த்தீங்க?”

எங்கள் வாசகர் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அச்செடுத்த நூற்பட்டியலின் முதல் பக்கத்திலேயே விரலை வைத்துவிட்டார். அந்தப் பட்டியலை அடுக்கும் நிரல் நான் எழுதியது. ஆனால் முந்தின இரவு அதைத் திருத்தியது நான் இல்லை. என் மடிக்கணினியின் டெர்மினலில், அதாவது எழுத்துகள் மட்டுமே ஓடும் அந்தக் கருப்புத் திரையில், இயங்கும் ஏஐ கருவி ஒன்று திருத்தியது. பதினோரு நிமிடத்தில் வேலையை முடித்து, எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டதாகப் பச்சை எழுத்தில் அறிவித்தும் இருந்தது. நம்பி அச்சுக்குக் கொடுத்தேன்.

டீச்சர் சொன்னதுதான் சரி. தமிழ் அகராதி எதை எடுத்தாலும் புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும், அகரமேறியது பின்னால் வரும். ‘அக்கா’வுக்குப் பிறகுதான் ‘அகம்’. எட்டாம் வகுப்பில் அகராதி பார்க்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். லட்சக்கணக்கான நிரல்களைப் படித்துப் பயிற்சி பெற்ற கருவி அதைத் தவறவிட்டது. அதைவிடப் பெரிய தவறு, பார்க்க வேண்டிய நான் பார்க்காமல் விட்டது.

மென்பொருள் எழுதும் தொழில் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதை அந்த ஒரு விரல் காட்டிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. நிரலைத் தட்டச்சு செய்யும் வேலை கைமாறிக்கொண்டிருக்கிறது. வந்த நிரல் சரியா என்று பார்க்கும் வேலை நம்மிடமே நிற்கிறது. அதைச் செய்யத் தெரிந்த கண்கள் நாளை எத்தனை இருக்கும் என்பதுதான் என் கவலை.

மறுபடியும் டெர்மினலுக்கு

2025-ஆம் ஆண்டு தொடங்கியபோது நிரலாளர்களில் பெரும்பாலோர் ஏஐ-யை எடிட்டருக்குள் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாதி வரி எழுதினால் மீதியை அது ஊகித்துச் சொல்லும். அல்லது உலாவியில் கேள்வி கேட்டு, வந்த விடையை வெட்டி ஒட்டுவார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘கிளாட் கோட்’ என்ற கருவியை முன்னோட்டமாக வெளியிட்டது. ஏப்ரலில் ஓப்பன்ஏஐ ‘கோடெக்ஸ் சிஎல்ஐ’-யைத் திறமூலமாகக் கொண்டுவந்தது. ஜூனில் கூகுளின் ‘ஜெமினி சிஎல்ஐ’ வந்தது. நான்கு மாதங்களில் மூன்று பெரிய நிறுவனங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே, 2023-இலேயே, ‘எய்டர்’ என்ற திறமூலக் கருவி இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தது.

இத்தனை நவீனமான ஒன்று ஏன் டெர்மினலில் வந்து உட்கார வேண்டும்? அரை நூற்றாண்டுக்கு முந்தைய இடம் அல்லவா அது?

விடை அந்தப் பழமையில்தான் இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1973-இல் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி ‘பைப்’ என்ற வசதி அதில் சேர்ந்தது. ஒரு நிரல் வெளியிடும் எழுத்தை அடுத்த நிரல் உள்ளீடாக வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு நிரலும் சிறியது, ஒரு வேலையை மட்டும் செய்யும். எல்லாம் பேசிக்கொள்ளும் பொதுமொழி வெறும் எழுத்து. பிறகு சுட்டியும் சன்னல்களும் வந்தன. அவை மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. டெர்மினல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரிக்கு (லாங்குவேஜ் மாடல்) எழுத்துதான் கண், காது, வாய் எல்லாம். எழுத்தை வாங்கி எழுத்தைத் தரும் இயந்திரத்துக்கு, எழுத்தை வாங்கி எழுத்தைத் தரும் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கோப்பைத் தேட ஒரு கட்டளை, திறக்க ஒன்று, சோதனையை ஓட்ட ஒன்று, பழைய நிலைக்குத் திரும்ப ஒன்று என்று ஐம்பது ஆண்டுகளில் மனிதர்கள் செய்து வைத்த அத்தனை பட்டறைக் கருவிகளும் அதற்குக் கிடைத்துவிட்டன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கமெல்லாம் அது பயிற்சியில் படித்த எழுத்துக்குள்ளேயே இருந்தது.

கேட்பது, பார்ப்பது, மறுபடி கேட்பது

மந்திரம் ஒன்றுமில்லை; உள்ளே நடப்பது எளிமையானது. மாதிரி தானாக எந்தக் கோப்பையும் தொடுவதில்லை. ‘இந்தக் கோப்பைக் காட்டு’ என்று அது எழுதும். நம் கணினியில் இருக்கும் சிறிய நிரல் அதைப் படித்து, கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதை மாதிரிக்கு அனுப்பும். ‘இந்த வரியை இப்படி மாற்று’ என்று அது எழுதும், மாற்றப்படும். ‘சோதனையை ஓட்டு’ என்று எழுதும். ஓட்டி, வந்த பிழைச்செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து மாதிரி அடுத்த அடியை முடிவு செய்யும். கேட்பது, விளைவைப் பார்ப்பது, மறுபடி கேட்பது. இந்தச் சுற்று வேலை முடியும்வரை ஓடும். ‘ஏஜென்ட்’ என்று தொழிலில் இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த இரவு என் திரையில் இது எப்படி ஓடியது என்று சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் கருவி என்பது இங்கே தேவையில்லை.

பட்டியலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். அடுக்கும்போது வரிசை குழம்பியது. காரணம் பழையது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது நம் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற தரத்தின் வரிசையைப் பின்பற்றினார்கள். அதனால் ‘ந’வை அடுத்து ‘ன’ வருகிறது; ‘ர’வை அடுத்து ‘ற’ வருகிறது; ‘வ’ கடைசிக்குப் போய்விடுகிறது. ‘அவல், அழகு, அளவு’ என்று நாம் அடுக்கினால், கணினி எண் வரிசைப்படி ‘அளவு, அழகு, அவல்’ என்று நேர்தலைகீழாக அடுக்கும்.

“நூற்பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்க வேண்டும். இப்போது யூனிகோடு வரிசையில் வருகிறது. சரி செய்” என்று தமிழிலேயே எழுதினேன். புரிந்துகொண்டது. முதலில் கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தது. அடுக்கும் வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடியது. அந்தக் கோப்பைப் படித்தது. திட்டத்தை நான்கு வரிகளில் சொன்னது. ஒவ்வொரு எழுத்துக்கும் புதிய வரிசை எண் கொடுக்கும் சார்பு ஒன்றை எழுதி, ‘இதைச் சேர்க்கலாமா?’ என்று கேட்டது. நீக்கப்படும் வரி சிவப்பில், சேர்க்கப்படும் வரி பச்சையில். ஆமாம் என்றேன். பிறகு தானே ஒரு சோதனைக் கோப்பை எழுதி ஓட்டியது; ஒரு பிழை வந்தது; கிரந்த எழுத்துகளுக்கு இடம் ஒதுக்க மறந்திருந்தது; சேர்த்தது; மறுபடி ஓட்டியது; தேறியது.

அந்தக் காட்சி அழகானது என்று சொல்லத் தயங்க மாட்டேன். நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் செய்திருக்கக்கூடிய வேலை.

தவறு எங்கே நடந்தது? மெய்யெழுத்துகளின் வரிசையை அது சரி செய்தது. புள்ளியை மறந்துவிட்டது. யூனிகோடில் ‘க்’ என்பது தனி எழுத்து இல்லை. ‘க’வும் அதைத் தொடரும் புள்ளிக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். அந்தக் குறியின் எண் எல்லா எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் ‘அக்கா’ பின்னுக்குப் போனது. சரி, சோதனை ஏன் அதைப் பிடிக்கவில்லை? சோதனையை எழுதியதும் அதே கருவிதான். நிரல் எழுதும்போது எதை நினைக்கவில்லையோ, அதைச் சோதனை எழுதும்போதும் நினைக்கவில்லை. தேர்வு எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தது போலாயிற்று. பச்சை எழுத்தில் ‘தேறியது’ என்று வந்தால் அதற்கு என்ன பொருள் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன்: அது நினைத்தது அது நினைத்தபடி நடக்கிறது, அவ்வளவுதான்.

தெளிவும் மௌனமும்

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பல பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ‘மௌனம்’ என்று தேடினால் பாதி நூல்கள் வரவில்லை. அவற்றில் ‘மெளனம்’ என்று இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற தனி எழுத்தும். கௌரவம், பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றிலும் இதே கதை. தமிழில் தட்டச்சு செய்யும் அத்தனை பேரும் ஒருமுறையாவது செய்திருக்கும் தவறு இது.

கருவியிடம் சொன்னேன். முதலில் யூனிகோடு இயல்பாக்கம் என்ற நிலையான வழியைச் சொன்னது. ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் எழுதலாம், அந்த வேறுபாட்டை அது தீர்க்கும். ஆனால் ‘ள’ சிக்கலைத் தீர்க்காது, ஏனென்றால் ‘ள’ உண்மையாகவே வேறு எழுத்து. அதை எடுத்துச் சொன்னதும் கருவி அடுத்த வழிக்குத் தாவியது: கொம்பும் ‘ள’வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம்.

இந்த முறை நான் பச்சை வரிகளைப் படித்தேன். ‘தெளிவு’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘தௌ’ வந்து, அதன் பக்கத்தில் எந்த எழுத்திலும் ஒட்டாத ஒரு கொக்கி தனியாக நின்றது. ‘வெளி’, ‘வெள்ளி’, ‘கெளுத்தி’ எல்லாம் சிதைந்திருக்கும். வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொன்னதும், ‘ள’வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்றலாம் என்று விதியைக் குறுக்கியது. நல்ல விதி. அந்த நான்கு சொற்களும் தப்பிவிடும்.

இந்த முறை மாற்றத்தை நேரே செய்ய விடாமல், என்னென்ன மாறும் என்ற பட்டியலை மட்டும் தரச் சொன்னேன். உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். இடையில் ஒரு சொல்: ‘வெளக்கு’. பேச்சுவழக்கில் எழுதப்பட்ட கதையொன்றின் தலைப்பு. அது விளக்கு. அந்த ஊர் மனிதர் வாயில் ‘வெளக்கு’. விதிப்படி அது ‘வௌக்கு’ ஆகியிருக்கும். பட்டியலில் அந்தக் கதையை இனி யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கும். இங்கே எந்த விதியும் உதவாது. வட்டார வழக்கைக் காதால் கேட்டவருக்குத்தான் அது பிழையில்லை என்று தெரியும்.

ஃபிரெட் புரூக்ஸ் என்ற கணினி அறிஞர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மென்பொருளின் கடினத்தை இரண்டாகப் பிரித்தார். கருவிகளின் குறையால் வரும் கடினம் ஒன்று; பிரச்சினையின் இயல்பிலேயே இருக்கும் கடினம் இன்னொன்று. முதலாவதை நல்ல கருவிகள் குறைத்துக்கொண்டே வரும், இரண்டாவதை அவற்றால் கரைக்க முடியாது என்பது அவர் வாதம். ‘வெளக்கு’ இரண்டாவது வகை. வங்கியின் வட்டிக் கணக்கிலும், மருத்துவமனையின் மருந்துப் பட்டியலிலும், ரேஷன் அட்டையின் பெயர்ச் சேர்க்கையிலும் ஆயிரம் ‘வெளக்கு’கள் இருக்கின்றன. அவை எந்த நிரலிலும் எழுதப்படாமல், அந்தந்த வேலையில் இருக்கும் மனிதர்களின் தலைக்குள் இருப்பவை.

அதனால்தான் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவோர் அறிவுறுத்தல் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். கிளாட் கோடில் அதற்கு ‘கிளாட்.எம்டி’ என்று பெயர். வேறு பல கருவிகளில் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’. கருவிக்கு நேற்றைய உரையாடல் பொதுவாக நினைவில் இருக்காது. ஒரே உரையாடலில் அது மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கும் எல்லை உண்டு. டோக்கன் என்ற துண்டுகளால் அளக்கும் அந்த எல்லை, 2025-இல் கிளாட் மாதிரிகளில் பொதுவாக 2 லட்சம், ஜெமினியில் 10 லட்சம். எல்லையை நெருங்கினால் பழைய பேச்சைச் சுருக்கிவிடும். சுருக்கத்தில் முக்கியமானது நழுவலாம். அறிவுறுத்தல் கோப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே படிக்கும். என்னுடையதில் இப்போது முதல் வரி: ‘புள்ளி எழுத்து முன்னால், உயிர்மெய் பின்னால்.’ இரண்டாவது வரி: ‘நூற்பெயர்களை நான் பட்டியலைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் மாற்றாதே.’

இதையெல்லாம் தமிழில் எழுதலாம். ஆனால் பெரும்பாலான மாதிரிகள் ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன்களைச் செலவிடுகின்றன. கட்டணமும் டோக்கன் கணக்கில்தான். நம் மொழியில் வேலை வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதைக் கருவி செய்பவர்கள் காதில் போட வேண்டும்.

‘ஆமாம்’ என்று அழுத்தும் விரல்

கோப்பை மாற்றும் முன், கட்டளையை ஓட்டும் முன், இந்தக் கருவிகள் அனுமதி கேட்கும். பத்து முறை கேட்டால் பதினோராவது முறை படிக்காமலே ‘ஆமாம்’ அழுத்திவிடுகிறோம். மனித இயல்பு. அந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்காக, கேள்வியே கேட்காமல் ஓடும் வழியும் உண்டு. கிளாட் கோடில் அந்தத் தெரிவின் பெயரிலேயே ‘ஆபத்தான முறையில்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் இருக்கிறது. ஜெமினியில் அதற்கு ‘யோலோ’ என்று பெயர். எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்தும் மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்டைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அது டெர்மினல் கருவி இல்லை, உலாவியில் ஓடுவது. ஆனால் வேலை செய்யும் முறை இதே சுற்றுதான். எதையும் மாற்றக் கூடாது என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தும், அந்த ஏஜென்ட் உண்மையான தரவுகள் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது; மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைமை நிர்வாகி அம்ஜத் மசாத் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவுத்தளத்தையும் உண்மையான தரவுத்தளத்தையும் தானாகவே பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

அடுத்த மாதமே இன்னொன்று. நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘என்எக்ஸ்’ என்ற நிரல் தொகுப்பின் சில பதிப்புகளில் யாரோ தீய நிரலை நுழைத்துவிட்டார்கள். அது செய்த காரியம் புதிது. பாதிக்கப்பட்ட கணினியில் ஏற்கெனவே ஏஐ கட்டளைக் கருவி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே கூப்பிட்டு, அனுமதி கேட்காமல் ஓடும் வழியில், ‘கடவுச்சாவிகளும் கிரிப்டோ பணப்பைக் கோப்புகளும் எங்கே இருக்கின்றன என்று தேடித் தா’ என்று கட்டளையிட்டது. வீட்டு வேலைக்கு வைத்தவரிடமே திருடன் சாவி கேட்ட கதை.

மூன்றாவது ஆபத்து சத்தமில்லாதது. மாதிரிகள் சில நேரம் இல்லாத தொகுப்புகளின் பெயரை இருப்பதுபோல எழுதிவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 மாதிரிகளிடமிருந்து 5,76,000 நிரல் துண்டுகளை வாங்கிப் பார்த்தபோது, அவை பரிந்துரைத்த தொகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. அந்தக் கற்பனைப் பெயரில் ஒரு நஞ்சுத் தொகுப்பை யாராவது முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால் போதும். ‘நிறுவு’ என்ற கட்டளைக்கு நாம் ‘ஆமாம்’ அழுத்துவோம்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். கருவியை எழுப்பும் முன், நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து வைக்கும் ‘கிட்’டில் ஒரு கமிட் போட்டுவிடுவேன். எது கெட்டாலும் பழைய நிலைக்கு வரலாம். லினஸ் டார்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய கிட், இன்று இந்தக் கருவிகளுக்கு நாம் கட்டும் கயிறாகவும் ஆகியிருக்கிறது. உண்மையான தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும் கணினியில் கருவியை ஓட்டுவதில்லை. புதுத் தொகுப்பின் பெயர் வந்தால் அது யாருடையது, எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்க்காமல் நிறுவ விடுவதில்லை.

வேகம் என்ற உணர்வு

வேலை விரைவாகிறதா? ‘ஆம்’ என்று என் உடம்பே சொல்லும். ஆனால் உடம்பு சொல்வதை நம்பலாமா என்ற கேள்வியை ‘மெட்டர்’ என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் எழுப்பியது. திறமூலத் திட்டங்களில் பல ஆண்டுகள் உழைத்த 16 நிரலாளர்களிடம், அவர்களுக்கு நன்கு பழக்கமான நிரல்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தார்கள். சில வேலைகளில் ஏஐ உண்டு, சிலவற்றில் இல்லை. தொடங்கும் முன் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகு 20 விழுக்காடு மிச்சமானதாக நம்பினார்கள். கடிகாரம் காட்டியது, 19 விழுக்காடு கூடுதல் நேரம்.

அந்த ஆய்வின் கருவிகள் 2025 தொடக்கத்தில் இருந்தவை, பெரும்பாலும் எடிட்டர் வகை. பங்கேற்றவர்கள் தங்கள் நிரலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர்கள். புதியவர்களுக்கும் புதிய திட்டங்களுக்கும் அதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஏறத்தாழ நாற்பது புள்ளி இடைவெளி விழுந்தது என்பதை மறக்கக் கூடாது. மேலாளர்கள் இந்த உணர்வை வைத்துத்தான் ஆள் கணக்குப் போடுகிறார்கள்.

முன்னேற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்மையான திறமூலத் திட்டங்களின் பிழைகளைத் தீர்க்கச் சொல்லும் ‘எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்’ என்ற தேர்வு 2023 அக்டோபரில் வந்தபோது, அன்றைய சிறந்த மாதிரி 2,294 கேள்விகளில் 2 விழுக்காட்டைக்கூடத் தீர்க்கவில்லை. மனிதர்கள் சரிபார்த்துப் பிரித்தெடுத்த 500 கேள்விகள் கொண்ட பதிப்பில், 2025-இல் முன்னணி மாதிரிகள் 70 விழுக்காட்டைத் தாண்டின. இரண்டும் ஒரே கேள்வித்தாள் இல்லை என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இது பெரிய தாவல். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, கூகுளின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்கி, பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்பது என்று 2024 அக்டோபரிலேயே சொன்னார். அந்த வாக்கியத்தின் முதல் பாதி எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. பொறியாளர்கள் சரிபார்த்து என்ற பகுதியைத்தான் நான் அடிக்கோடிட்டுப் படிக்கிறேன்.

சரிபார்க்கும் கண் எப்படி உருவாகிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃப்ரெஷருக்குத் தரும் முதல் வேலை சின்னப் பிழை திருத்தம். அறிக்கையில் தேதி தப்பாக வருகிறது, பார். பெயர் நீளமாக இருந்தால் பெட்டிக்கு வெளியே போகிறது, பார். ஒரு தேதியைத் தேடி இருபது கோப்புகளைப் படிப்போம். நான்கு மணிக்குச் சீனியர் வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “இந்த வரி ஏன்ப்பா இங்க இருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்பார். பதில் தெரியாது. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் படிப்பு. பிறருடைய நிரலைப் படிக்கும் கண் எனக்கு அப்படித்தான் வந்தது.

இந்தக் கருவிகள் மிக நன்றாகச் செய்வது அதே சின்ன வேலைகளைத்தான். ஆகவே முதலில் காணாமல் போவது அந்த நாற்காலி. அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், 22 முதல் 25 வயது மென்பொருளாளர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. நம் நாட்டில் அந்த ஆண்டு ஜூலையில் டிசிஎஸ் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அங்கே பெரும்பாலும் நடு, மேல்நிலைப் பணியாளர்கள், காரணம் ஏஐ இல்லை என்று நிறுவனம் சொன்னது. காரணம் எதுவானாலும், சென்னை ஓஎம்ஆரின் கண்ணாடிக் கட்டடங்களை நம்பிக் கல்விக் கடன் வாங்கிய வீடுகளில் இந்தச் செய்திகள் எப்படிப் படிக்கப்படுகின்றன என்று எனக்குத் தெரியும்.

மூத்தவர்களை மட்டும் வைத்துக் கருவிகளைக் கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மூத்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகு ‘தெளிவு’ சிதைவதை யார் பார்ப்பார்கள்? சரிபார்க்கத் தெரிந்தவர் எவரும் சரிபார்ப்பவராகவே பிறப்பதில்லை. பத்து ஆண்டு தப்பு செய்து, திருத்தி, மறுபடி தப்பு செய்து வருகிறார்கள். இளையவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் பணம், பின்னால் வட்டியோடு கொடுக்க வேண்டிய கடன்.

கருவியை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை; நானே தினமும் பயன்படுத்துகிறேன். மாணவர்களும் பயன்படுத்தட்டும். ஆனால் நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகத் தேர்வு இன்னும் ‘இன்னதற்கு நிரல் எழுதுக’ என்ற கேள்வியிலேயே நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடை எழுத இன்று ஒரு மாணவருக்கு ஒரு வரி போதும். எழுதும் திறனை மட்டும் சோதித்து, படிக்கும் திறனை ஒருபோதும் சோதிக்காமல் பட்டம் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கணினித் துறை ஆசிரியர்களே, அடுத்த பருவத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். கருவி எழுதிய நூறு வரி நிரலையும், அதுவே எழுதிய சோதனையையும், ‘எல்லாம் தேறியது’ என்ற பச்சை வரியையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுங்கள். எங்கே தவறு இருக்கிறது, அது தவறு என்று எப்படித் தெரியும் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கேள்வித்தாள் தயாரிக்க வசதியாக, ‘அக்கா’வும் ‘அகம்’மும் இடம் மாறிய எங்கள் நூற்பட்டியல் நிரலை, அதன் பிழையோடு அப்படியே தருகிறேன்.